பெரட்டில் சிக்காத காய்ச்சல்

1. வெதுவெதுப்பில் ஒரு நடுக்கம்

தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சளவு தண்ணீரில் நின்ற ராஜேஸ்வரி அக்காவின் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன.

ஸ்பீக்கரில் பாட்டு மாறும் இடைவெளியில் அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு முதலில் ஹீட்டர் மேல்தான் சந்தேகம் போனது. மலை ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலின் உள்ளரங்க நீச்சல் குளம் அது. அந்த வாரம் முழுக்க ஹீட்டர் மக்கர் செய்துகொண்டிருந்தது. கரையோரம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த வெப்பமானியை இழுத்துப் பார்த்தேன். முப்பத்து மூன்று டிகிரி. எங்கள் வகுப்புக்கு வேண்டிய சூடு சரியாக இருந்தது. மற்ற அக்காமார் முகமெல்லாம் சிவந்து, வியர்த்து, நன்றாகவே இருந்தார்கள்.

"அக்கா, குளுருதா?"

"மலையில குளுராம என்னா செய்யும் லா? பாட்ட நிறுத்தாதீங்க டீச்சர். பார்வதி இப்பதான் கால எடுத்து வைக்கிறா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உதடு மட்டும் நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

தண்ணீரில் உடற்பயிற்சி சொல்லித்தர யாராவது ஒரு தங்கை இனி வரலாம். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்த அசைவு எந்தத் தசைக்கு என்பதைப் புத்தகம் சொல்லிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பெண் ஏன் நடுங்குகிறாள் என்பதைப் புத்தகம் பாதிதான் சொல்லும். மீதி இந்த மலையில் இருக்கிறது.

2. தண்ணி டான்ஸ்

நான் பிசியோதெரபி படித்தவள். தலைநகர் கே.எல்.லில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, லிஃப்ட்டுக்குள்ளேயே ஆயுள் போய்விடும் என்ற பயத்தில் திரிங்காப்புக்கே திரும்பி வந்தேன். அப்பாவுக்கு அங்கே காய்கறித் தோட்டம். வார நாட்களில் தானா ராத்தாவில் ஒரு கிளினிக் வேலை. சனிக்கிழமை காலையில் மட்டும் இந்த வகுப்பு. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் பாட்டுக்கு ஏற்றபடி தண்ணீரில் மெதுவாக ஆட வேண்டும். டாக்டர் சம்மதம் இல்லாமல் யாரையும் இறக்க மாட்டேன். ஹோட்டல்காரர் புண்ணியத்தில் விருந்தாளிகள் எழுந்து வருமுன் குளம் எங்களுக்குக் கிடைக்கும்.

இதற்கு நான் வைத்த பெயர் நீளமானது. அக்காமார் அதைத் 'தண்ணி டான்ஸ்' ஆக்கிவிட்டார்கள்.

முதல் வகுப்பன்று எல்லோருக்கும் நீச்சல் உடை வாங்கி வைத்திருந்தேன். ஒருவர் அதை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என் பேத்திக்குக் கூட பத்தாது" என்றார். பார்வதி அக்கா கைலியைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கைலிக்குள் காற்றுப் புகுந்து, அவரைச் சுற்றி ஒரு பெரிய பலூன் எழும்பியது. அதை அமுக்க அமுக்க அது வேறு பக்கம் உப்பியது. அன்று யாரும் ஆடவில்லை, சிரித்துச் சிரித்தே வகுப்பு முடிந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் டீ-சட்டை, டைட்ஸ்.

பார்வதி அக்கா தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். கீமோ முடித்து, தலையில் இப்போதுதான் முடி முளைக்கிறது. எந்நேரமும் கம்பளித் தொப்பி. வாய் நீளம். ஆனால் தண்ணீர் என்றால் உயிர் போய்விடும். ராஜேஸ்வரி அக்கா கையைப் பிடித்தால்தான் படியிறங்குவார்.

ராஜேஸ்வரி அக்கா தேயிலைத் தோட்டத்துக்காரர். இப்போதெல்லாம் கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைவு, மெஷின்தான். தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று மெஷினின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். பல வருடம் அந்த வேலை செய்தவர். இடது மார்பில் அறுவை நடந்தபோது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். அதனால் இடது கையில் நீர் கோத்து வீங்கும். தோளுக்கு மேல் தூக்க முடியாது.

தண்ணீரில் அந்தக் கை மேலே எழுந்தது. தண்ணீரே கையைத் தாங்கும், சுற்றிலும் அழுத்திப் பிடித்து வீக்கத்தையும் குறைக்கும். முதல் முறை தோளைத் தாண்டிப் போனதும் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு கை டீச்சர் இது?" என்று கேட்டார்.

அப்படிப்பட்ட கையில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் விளையாட்டில்லை. நமக்கு ஒரு கொப்புளத்தோடு போகிற கிருமி, அங்கே சில மணி நேரத்தில் பரவி இரத்தத்தில் கலந்துவிடும். அதனால் என் வகுப்பில் வாசல் சோதனை உண்டு. எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். நெற்றிக்கு நேரே தெர்மோமீட்டரைக் காட்டுவேன். காய்ச்சல் இருந்தால், "இன்னிக்கு வேணாம்கா, வீட்டுக்குப் போங்க" என்பேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அந்தச் சனிக்கிழமை ராஜேஸ்வரி அக்கா வரிசையில் முதல் ஆளாக, விறைப்பாக நின்றார். முப்பத்தாறு புள்ளி எட்டு. "பாஸ்!" என்றேன். முழுக்கை டீ-சட்டை புதிதாக இருந்தது. "நல்லாருக்கே!" என்றுகூடச் சொன்னேன்.

3. சட்டைக் கை

பாட்டை நிறுத்தினேன். "ராஜேஸ்வரிக்கா, மெதுவா படிக்கு வாங்க."

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

"வாங்கக்கா."

"ஒண்ணும் இல்லன்னு சொல்..." பேச்சு அங்கேயே நின்றது. கண் செருகியது. தலை பின்னால் சாய்ந்தது.

நான் கரையில் நின்றிருந்தேன். குதித்து நீந்திப் போவதற்குள் வாயில் தண்ணீர் போய்விடும். பக்கத்தில் இருந்தது ஒரே ஆள், பார்வதி அக்கா. தண்ணீருக்குப் பயந்தவர்.

"பார்வதிக்கா! தாடைய மேல தூக்குங்க! மூஞ்சி மேல பாக்கணும்!"

பார்வதி அக்கா தூக்கினார். "ஏய் ராஜி! ஏய்! கண்ணத் தொற!" என்று கத்திக்கொண்டே, ஒரு கை தாடையில், ஒரு கை முதுகில் கொடுத்து, படியை நோக்கி இழுத்து நடந்தார். நான் குதித்து எட்டியபோது அவர் பாதி தூரம் வந்திருந்தார்.

படியில் நிறுத்திவிட்டேன். இதைத் தங்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் உடம்பைச் சுற்றி அழுத்திப் பிடித்திருக்கும். மயங்கிய ஆளை அவசரமாக நிமிர்த்தி வெளியே தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று விழும். படுக்கை வாட்டிலேயே, நாலு பேராகப் பிடித்து, கரை மேல் சறுக்கி ஏற்றினோம். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். அக்கா கண் திறந்தார்.

ஈரச் சட்டையின் இடது கையை மேலே உருட்டினேன். உருளவில்லை. அவ்வளவு வீக்கம். கத்தரிக்கோலால் வெட்டினேன்.

மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை சிவப்பு. தொட்டால் சுட்டது. கட்டைவிரல் அடியில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, முள் குத்திய இடம்.

"எப்பக்கா இது?"

"நாத்தனா தோட்டத்துல ரோசா கட்டினேன். சும்மா முள்ளு."

"காய்ச்சல்?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்வதி அக்கா குனிந்து, "சொல்லுடி" என்றார்.

"ராத்திரிலேர்ந்து. காலைல வேன் ஏறும்போது ரெண்டு பனடோல் போட்டேன்."

அந்தக் காய்ச்சல் மாத்திரைதான் என் தெர்மோமீட்டரை ஏமாற்றியிருந்தது. வாசலில் வரிசையில் நின்றபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. தண்ணீரில் நின்றபோது மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. நாடியைப் பிடித்தேன். விரலுக்கடியில் நூல் மாதிரி ஓடியது, எண்ண முடியாத வேகம்.

4. ஜேம்

தானா ராத்தா மருத்துவமனைக்குப் போன் செய்தேன். போனை எடுத்த மிஸி, அதாவது நர்ஸ், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஸ்கூல் லீவு, ரோடு ரொம்ப ஜேம். ஆம்புலன்ஸ் மேல ஏறி வந்து திரும்பி எறங்குறதுக்குள்ள நீங்களே வந்துடலாம். படுக்க வச்சு, போர்த்தி, உடனே கெளம்புங்க. நாங்க ரெடியா நிக்கிறோம்" என்றார்.

எங்கள் வேன் ஓட்டுபவர் சேகர் அண்ணன். மற்ற நாட்களில் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் லோரி ஓட்டுவார். ராஜேஸ்வரி அக்காவைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். எல்லோரும் ஈரச் சட்டை மேல் சுவெட்டரை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். வீட்டுக்குப் போங்கள் என்றால் யார் கேட்கிறார்கள்?

பிரிஞ்சாங்கை விட்டு இறங்கும் முன்பே வேன் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் காடிகள், சுற்றுலா பஸ்கள். ஸ்ட்ராபெரி படம் போட்ட தொப்பிகள் ஜன்னலுக்கு ஜன்னல் தெரிந்தன. தூறல் வேறு.

"நகரவே இல்ல லா" என்று சேகர் அண்ணன் ஸ்டீயரிங்கை அடித்தார்.

பின் சீட்டில் ராஜேஸ்வரி அக்கா புலம்ப ஆரம்பித்தார். முதலில் புரியவில்லை. குனிந்து கேட்டேன்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் கங்காணி. பேர எடுத்துறாதீங்க."

"அக்கா, நான் டீச்சர்."

"பேர எடுத்துறாதீங்க கங்காணி. நிக்க முடியுது. பாருங்க, நிக்கிறேன்." எழுந்து உட்காரப் பார்த்தார். தோளைப் பிடித்து அமுக்கினேன். கண் என் முகத்தைத்தான் பார்த்தது. கங்காணி என்று கூப்பிட்டது என்னைத்தான்.

அவர் பேசுவது பெரட்டைப் பற்றி. தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு அதுதான் பெயர். முகம் வாடியிருந்தால், "போய்ப் படு" என்று கங்காணி அனுப்பிவிடுவார். அன்றைய பெயர் போச்சு, கூலியும் போச்சு. என் வகுப்பு வாசலில் நெற்றியை நீட்டிக்கொண்டு இத்தனை மாதம் இவர்கள் எங்கே நின்றார்கள் என்பது, அந்த வேனுக்குள் எனக்கு உறைத்தது.

"இன்னும் எவ்ளோ நேரம் டீச்சர்?" என்று பார்வதி அக்கா கேட்டார்.

"தெரியாதுக்கா. மருந்து ஏத்தணும். சீக்கிரம் ஏத்தணும்."

"ஏத்தலன்னா?"

நான் ராஜேஸ்வரி அக்காவின் நாடியை மறுபடி தேடிப் பிடித்தேன். பார்வதி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். வேன் கதவைத் தள்ளித் திறந்தார். இறங்கினார். கம்பளித் தொப்பியைக் கழற்றி என் மடியில் எறிந்தார்.

எங்கள் முன்னால்கூட அந்தத் தொப்பியை அவர் எடுத்ததில்லை. தூறலில் அந்தத் தலையோடு முன்னால் நின்ற காடியின் கண்ணாடியைத் தட்டினார். "தோலோங், தெப்பி சிக்கிட்! கொஞ்சம் ஓரம் போங்க! உள்ள ஆளு முடியாம கெடக்கு!"

கண்ணாடி இறங்கியது. ஓட்டியவர் அந்தத் தலையைப் பார்த்தார். மறு பேச்சில்லாமல் காடியைப் புல்லில் ஏற்றினார்.

அடுத்து செல்லம்மா அக்கா இறங்கினார். என் வகுப்பிலேயே வாயைத் திறக்காத ஆள். வந்தால் கடைசியில் நிற்பார், முடிந்ததும் போய்விடுவார். அவரும் தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னாலேயே மற்றவர்கள். நடு ரோட்டில் வேனுக்கு முன்னால் இரண்டு வரிசையாக, இரண்டு கையையும் முன்னால் குவித்து, பக்கவாட்டில் விரித்து, விரித்துப் போனார்கள். நான் சொல்லிக்கொடுத்த அசைவு அது. தண்ணீரை விலக்கு, தண்ணீரை விலக்கு என்று சனிக்கிழமைதோறும் கத்துவேன். இப்போது காடிகள் விலகின. ஒரு சுற்றுலா பஸ் டிரைவர் இறங்கி, எதிரே வந்த வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தினார்.

சேகர் அண்ணன் ஒரு இஞ்ச் கூட விடாமல் அவர்கள் பின்னால் ஊர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வைப்பர் சரியில்ல" என்றார்.

நான் நாடியை விடவில்லை. அக்கா புலம்புவது நின்றிருந்தது. புலம்பினாலே தேவலை என்று பட்டது.

"அக்கா, பேசுங்க. மெஷின் பத்திச் சொல்லுங்க. எதிர்ப்பக்கம் யாரு?"

உதடு அசைந்தது. "பார்வதி" என்றார். பார்வதி அக்கா மெஷினைத் தொட்டதே கிடையாது.

வளைவு தாண்டியதும் எதிர்த்தடம் காலியாக இருந்தது. "ஏறுங்க!" என்று சேகர் அண்ணன் கத்தினார்.

"எங்கள விட்டுட்டுப் போ லா! ஏத்திக்கிட்டு நிக்கிற நேரமா இது?" பார்வதி அக்கா வேனின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அடி வைத்தார். மாட்டை விரட்டுகிற மாதிரி. வேன் பாய்ந்தது. திரும்பிப் பார்த்தபோது ஈரத்தோடு ரோட்டோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் கை அசைக்கவில்லை.

5. எதிர்ப்பக்கம்

மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. இரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வீங்கிய கையில் வேண்டாம், வலது கையில் மட்டும் ஊசி குத்த வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தெரியும்மா, நகருங்க" என்றார். மருந்தும் சலைனும் ஏறின. நான் வெளியே பெஞ்சில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். பார்வதி அக்காவின் தொப்பியைப் பிழிந்து பிழிந்து கையில் வைத்திருந்தேன்.

மதியத்துக்கு மேல் அழுத்தம் ஏறத் தொடங்கியது. மாலையில் ஈப்போவுக்கு அனுப்பினார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா?" என்று டாக்டரைக் கேட்டேன். "அதைக் கேக்காதீங்க" என்றார்.

அடுத்த வாரம் ஈப்போவில் போய்ப் பார்த்தேன். அக்கா தலையணையில் கையை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தார். சிவப்பு முழங்கைக்குக் கீழே இறங்கியிருந்தது.

"ஏன்கா சொல்லல?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கக் கூடாது என்று பஸ்ஸில் வழி முழுக்க சொல்லிக்கொண்டுதான் வந்தேன். குரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

"சொன்னா அனுப்பிடுவீங்க."

"ஆமா, அனுப்புவேன்தான்!"

"அதான்." அக்கா ஏதோ நான்தான் மண்டு என்பது போலப் பார்த்தார். "பெரட்டுக்கு முன்னாடி ரெண்டு பனடோல், நேரா நிமுந்து நில்லு. எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் அப்படித்தான். கங்காணிக்கே தெரியாது, ஒங்க மெஷினுக்கு எங்க தெரியும்?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அழுகையும் கூடவே வந்தது.

"ஒரு வாரம் வரலன்னா என்னக்கா ஆயிடும்?"

"எனக்கு ஒண்ணும் ஆவாது. பார்வதி எறங்க மாட்டாளே. அன்னிக்கு நடுக்கொளம் வரைக்கும் வர்றேன்னு சொல்லியிருந்தா." தலையணை மேலிருந்த கையைப் பார்த்தார். "மெஷின்ல ஒரு முனைய நீங்க விட்டுட்டா, எதிர்ப்பக்கம் நிக்கிறவ கால்ல எறங்கும் டீச்சர். அதுல பழகின கை."

6. நாற்காலி

இப்போது என் வகுப்பு வாசலில் வரிசை கிடையாது. குளக்கரையில் வட்டமாக உட்காருகிறோம். தெர்மோமீட்டர் இருக்கிறது, கடைசியில்தான் வெளியே வரும். முதலில் ஒரு கேள்வி: "காலையிலேர்ந்து என்னென்ன முழுங்கினீங்க?" நானும் பதில் சொல்ல வேண்டும் என்பது பார்வதி அக்கா போட்ட சட்டம். "ரெண்டு தோசை, ஒரு வைட்டமின்" என்பேன். "அதான் இந்தத் துள்ளு துள்ளுறீங்களா?" என்பார்கள்.

'வீட்டுக்குப் போங்க' என்ற பேச்சையும் எடுத்துவிட்டேன். காய்ச்சல், கீறல், சிவப்பு எது இருந்தாலும் சேகர் அண்ணன் உடனே டாக்டரிடம் கூட்டிப்போவார். கூட ஒருவர் போவார். வெறும் அசதி, தலைவலி என்றால் குளத்தோரம் நாற்காலி. அதில் உட்காருகிறவர்தான் அன்றைக்குத் தாளம் தட்டுவார். ஸ்பீக்கர் ஓடினாலும் தண்ணீரில் இருப்பவர்கள் அந்தக் கைத்தட்டுக்குத்தான் ஆட வேண்டும்.

இதெல்லாம் சொல்வதற்கு எளிது. யாரும் நம்பவில்லை. பல வாரம் வட்டத்தில் தோசையும் இட்லியும்தான் வந்தன.

ராஜேஸ்வரி அக்கா திரும்பி வந்த சனிக்கிழமை, அவர் முறை வந்தபோது தொண்டையைச் செருமினார். "ஒரு பனடோல். தலவலி. காய்ச்சல் இல்ல."

யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தேன். சுத்தம். தெர்மோமீட்டர் காட்டினேன். சரியாக இருந்தது. ஆனாலும் மாத்திரை உள்ளே இருக்கும்போது அதை நம்புவதில்லை. வகுப்பு முடிவில் மறுபடி பார்ப்பதாகச் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்கக்கா. தாளம் உங்களோடது."

அவர் உட்காரவில்லை. "பேரு?"

"பேரு இருக்கு. எங்கயும் போவல."

உட்கார்ந்தார். பார்வதி அக்கா படியில் நின்றார். பிடிக்கக் கை இல்லை. "அன்னிக்கு நடந்தீங்களேக்கா, பாதிக் கொளம்!" என்றேன்.

"அன்னிக்கு நடந்தது நான் இல்ல, என் பயம்" என்றார். ராஜேஸ்வரி அக்காவைப் பார்த்து விரலை நீட்டினார். "நீ தட்டுறத நிறுத்தின, அப்புறம் தெரியும் சேதி!"

முதல் தட்டு விழுந்தது. வலது கையால் தொடையில், மெதுவாக. பார்வதி அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு படி இறங்கினார். இன்னொரு படி. இடுப்பு, நெஞ்சு. கை இரண்டும் தண்ணீரை விலக்கின. நடுக்குளத்துக்கு வந்து கண்ணைத் திறந்து, தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து, மலையே அதிரும்படி ஒரு கூச்சல் போட்டார்.

எல்லோரும் கைதட்டினோம். அந்தச் சத்தம் அடங்கும்போது, கடைசியில் காலை மட்டும் தண்ணீரில் வைத்திருந்த செல்லம்மா அக்கா கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

"டீச்சர்" என்றார். அவர் குரலை அன்றுதான் ஒழுங்காகக் கேட்டேன். "நானும் காய்ச்சலுக்கு ரெண்டு பனடோல் போட்டுட்டுத்தான் வந்தேன்."

சேகர் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டு, வேன் வரும்வரை அவர் உட்கார இன்னொரு நாற்காலி எடுத்துவர ஓடினேன்.